ஃபெத்துந்தா: இத்தாலியப் பூண்டு ரொட்டியின் வரலாறு

ஃபெத்துந்தா என்பது இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தைச் சேர்ந்த எளிய ரொட்டி உணவு. தணலில் வாட்டிய ரொட்டித் துண்டின் மேல் பச்சைப் பூண்டைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவி இது உண்ணப்படுகிறது. ரோம் நகரிலும் அதைச் சூழ்ந்த லாட்சியோ வட்டாரத்திலும் இதே உணவுக்குப் புருஸ்கெத்தா என்று பெயர். இன்று உலகெங்கும் பீட்சாக் கடைகளில் விற்கப்படும், வெண்ணெய் தடவிய 'கார்லிக் பிரெட்' இந்த உணவின் வழியில் அமெரிக்காவில் உருவான வடிவமாகும்.

பூண்டு ரொட்டி என்று அறியப்பட்டாலும், இத்தாலிய உழவர் வீடுகளில் இந்த உணவின் மையப் பொருள் பூண்டு அல்ல, எண்ணெய். காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் உண்பதற்கும், அந்த ஆண்டின் புது எண்ணெய் எப்படி இருக்கிறது என்று சுவைத்துப் பார்ப்பதற்கும் இது செய்யப்பட்டது. அந்த எண்ணெயில் உழவனுக்குச் சேர வேண்டிய பங்கு எவ்வளவு என்பது பல நூற்றாண்டுகளாக நிலவுடைமை முறையால் முடிவு செய்யப்பட்டது. ஆகவே இதன் வரலாறு டஸ்கனியின் நில வரலாற்றோடும், ரொட்டிப் பஞ்சத்தோடும், இத்தாலியரின் புலம்பெயர்வோடும் இணைந்தது.

பெயர்கள்

ஃபெத்துந்தா என்பது இரு இத்தாலியச் சொற்களின் சேர்க்கை. 'ஃபெத்தா' என்றால் அரிந்த துண்டு. 'உந்தா' என்றால் எண்ணெய் பூசப்பட்டது. புருஸ்கெத்தா என்னும் பெயர், தணலில் வாட்டுதல் என்று பொருள்படும் 'புருஸ்காரே' என்ற ரோம் வட்டார வினைச்சொல்லிலிருந்து வந்தது. உணவகப் பட்டியல்களில் 'புருஷெட்டா' என்று எழுதப்படுவதுண்டு. இத்தாலிய ஒலிப்பில் அங்கே வருவது ககர ஒலியே.

டஸ்கனியின் சில பகுதிகளிலும் நடு இத்தாலியின் வேறு ஊர்களிலும் 'பானுந்தோ' என்ற பெயர் வழங்குகிறது. இதன் பொருள் எண்ணெய் ரொட்டி. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபுளோரன்ஸ் நகரத்தவரான தொமெனிகோ ரொமோலி என்பவருக்குப் பானுந்தோ என்பதே பட்டப்பெயர். பெருமக்கள் வீடுகளில் விருந்துகளை மேற்பார்வை செய்யும் பணியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1560-இல் வெனிஸ் நகரில் வெளிவந்தது. எண்ணெய் ரொட்டி என்பது ஒருவரைக் கூப்பிடும் பெயராகும் அளவுக்கு அக்காலத்தில் பழகிய சொல்லாக இருந்ததை இது காட்டுகிறது.

பானுந்தோவில் உள்ள 'பானே' என்ற இத்தாலியச் சொல்லும், இலங்கைத் தமிழில் ரொட்டியைக் குறிக்கும் 'பாண்' என்ற சொல்லும் ஒரே இலத்தீன் மூலத்திலிருந்து வந்தவை. இலங்கைக்கு அச்சொல் போர்த்துக்கீசியர் வழியாக வந்து சேர்ந்தது.

மேற்கண்ட மூன்று பெயர்களிலும் ரொட்டித் துண்டு, எண்ணெய், தணல் ஆகியவை குறிக்கப்படுகின்றன. பூண்டு எதிலும் இல்லை. வட இத்தாலியின் பியெட்மான்ட் வட்டாரத்தில் வழங்கும் 'சோமா தாய்' என்ற உணவின் பெயரில்தான் பூண்டு வருகிறது. திராட்சை அறுவடைக் காலத்தில் பூண்டு தேய்த்த ரொட்டியைத் திராட்சைப் பழத்தோடு சேர்த்து உண்பது அங்குள்ள வழக்கம். பியெட்மான்ட் ஆலிவ் பெருமளவில் விளையும் நிலமன்று. எண்ணெய் விளைந்த ஊர்களில் உணவு எண்ணெயின் பெயராலும், அது அரிதாக விளைந்த ஊரில் பூண்டின் பெயராலும் அழைக்கப்பட்டது கவனிக்கத்தக்கது.

பண்டைய ரோமில்

ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பூண்டு ஆகிய மூன்றும் பண்டைய ரோமானியரின் அன்றாட உணவில் இருந்தன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த கேட்டோ, வேளாண்மை பற்றிய தம் நூலில் பண்ணை அடிமைகளுக்கு ரொட்டியோடு தொட்டுக்கொள்ள என்ன கொடுக்க வேண்டும் என்று விதிக்கிறார். முதலில் மரத்திலிருந்து தானாக உதிர்ந்த ஆலிவ் காய்களை ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்து, எண்ணெய் குறைவாகத் தரக்கூடிய காய்களைச் சிக்கனமாகக் கொடுக்க வேண்டும். அவையும் தீர்ந்தால் மீன் ஊறலும் காடியும் கொடுக்கலாம். எண்ணெய் என்று வரும்போது ஓர் ஆளுக்கு மாதம் ஒரு செக்ஸ்டாரியஸ் அளவு, அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல். நல்ல எண்ணெய் விற்பனைக்கு உரியது, அதை விளைவிப்பவர் உண்பதற்கு உரியதன்று என்ற கணக்கு இவ்விதியில் தெரிகிறது.

ரோம் நகரின் எண்ணெய்த் தேவையை இத்தாலியின் தோப்புகளால் மட்டும் நிறைவு செய்ய முடியவில்லை. ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல்களில் எண்ணெய் வந்தது. அது வந்த மண் சாடிகளை உடைத்துக் குவித்த இடம் இன்றும் ரோமில் 'மொந்தே தெஸ்தாச்சோ' என்ற பெயரில் ஒரு குன்றாக நிற்கிறது. சுமார் 35 மீட்டர் உயரமுள்ள அக்குன்று முழுவதும் உடைந்த எண்ணெய்ச் சாடிகளால் ஆனது.

பூண்டு எளியவரின் உணவாகக் கருதப்பட்டது. வெர்ஜிலின் பெயரில் வழங்கிவந்த 'மொரேதும்' என்ற சிறு இலத்தீன் கவிதையில், ஓர் ஏழை உழவர் விடியற்காலையில் எழுந்து மாவரைத்து ரொட்டி சுடுகிறார். பின் பூண்டு, பாலாடைக்கட்டி, கீரைத்தழைகள், எண்ணெய் ஆகியவற்றை உரலில் இடித்துத் தொடுகறி செய்துகொண்டு வயலுக்குப் புறப்படுகிறார். இதற்கு மாறாக, கவிஞர் ஹொரேஸ் தம் கவிதை ஒன்று முழுவதையும் பூண்டைச் சபிப்பதற்கே ஒதுக்கினார். பூண்டு நாற்றம் உழைப்பவரின் அடையாளம் என்ற எண்ணம் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. அது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா வரை தொடர்ந்தது.

உப்பில்லாத ரொட்டி

டஸ்கனியின் மரபான ரொட்டியில் உப்புச் சேர்ப்பதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துறைமுக நகரான பீசா, ஃபுளோரன்ஸுக்கு உப்புச் செல்வதைத் தடுத்ததால் இவ்வழக்கம் வந்தது என்பது மக்களிடையே வழங்கும் கதை. உப்பின் மீதான வரிச்சுமையே காரணம் என்று கூறுவோரும் உண்டு. ஃபுளோரன்ஸிலிருந்து 1302-இல் நாடு கடத்தப்பட்ட கவிஞர் தாந்தே, தமது காவியத்தின் சொர்க்கப் பகுதியில், பிறர் வீட்டு ரொட்டியின் உப்புச்சுவையைப் புலம்பெயர்வின் துயரத்துக்கு அடையாளமாக்குகிறார். உப்பில்லாத ரொட்டி உண்டு வளர்ந்த ஒருவர் சொல்வதாகக் கொண்டு இவ்விடத்துக்குப் பொருள் கூறுவோர் உண்டு. டஸ்கனி ரொட்டிக்கு 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் என்ற தகுதி கிடைத்தது.

உழவர் வீடுகளில் விறகடுப்பில் ரொட்டி சுடுவது ஏறத்தாழ வாரம் ஒருமுறை நடக்கும் வேலை. பெரிய உருண்டைகளாகச் சுட்ட ரொட்டி அடுத்த சூடு வரை தாங்க வேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. உப்பில்லாத ரொட்டி பூசணம் பிடிப்பதைவிடக் காய்ந்து கெட்டியாவதே வழக்கம். காய்ந்த ரொட்டியைப் பயன்படுத்தும் உணவுகள் டஸ்கனியில் பல உள்ளன. கீரையும் அவரை வகைகளும் சேர்த்துக் காய்ச்சும் ரிபொல்லீத்தா, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து காய்கறியோடு கலக்கும் பன்சனெல்லா, தக்காளியோடு குழைக்கும் பாப்பா அல் பொமொதோரோ ஆகியவை அவற்றுள் சில. நம் வீடுகளில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றிப் பழையது ஆக்குவது போன்றதே இந்த வழக்கம். ஃபெத்துந்தா இவற்றுள் மிக எளியது. காய்ந்த ரொட்டியை நெருப்பில் வாட்டினால் மேல்புறம் மொறுமொறுப்பாகி, எண்ணெயை உறிஞ்சத் தயாராகிறது. ரொட்டியில் உப்பு இல்லாததால் எண்ணெயின் சுவை தனித்துத் தெரிகிறது.

வாரச் சாகுபடியும் எண்ணெயும்

டஸ்கனி, உம்பிரியா, மார்க்கே ஆகிய வட்டாரங்களில் இடைக்காலம் முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை 'மெட்ஸாத்ரியா' என்ற வாரச் சாகுபடி முறை நிலவியது. நிலமும் வீடும் நிலவுடைமையாளருடையவை. உழைப்பு உழவர் குடும்பத்துடையது. விளைச்சல் இருவருக்கும் பாதிப்பாதி. உழவர் குடும்பம் அந்தப் பண்ணையிலேயே குடியிருந்தது. நிலவுடைமையாளர் பெரும்பாலும் நகரத்தில் வாழ்ந்தார். கணக்குகளைப் பார்த்தவர் 'ஃபத்தோரே' எனப்பட்ட காரியக்காரர். பண்டிகை நாள்களில் முட்டையும் கோழியும் கொண்டுபோய்க் கொடுப்பதும் உழவரின் கடமையாக இருந்தது.

கோதுமை, திராட்சை, ஆலிவ் ஆகிய மூன்றும் ஒரே பண்ணையில் பயிரிடப்பட்டன. ஆலிவ் காய் பறிப்பு அக்டோபர் இறுதியில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். குளிரில் ஏணி மேல் நின்று கையால் பறிக்க வேண்டிய வேலை அது. 100 கிலோ காயைச் செக்கிலிட்டால் கிடைக்கும் எண்ணெய் 10 முதல் 20 கிலோ வரைதான். அதிலும் பாதி நிலவுடைமையாளருக்குச் சென்றது. மீதியில் ஒரு பகுதி விற்பனைக்குப் போனது. எனவே எண்ணெய் விளைந்த வீட்டிலேயே அது அளந்து பயன்படுத்தப்பட்டது. அன்றாடச் சமையலுக்குப் பன்றிக் கொழுப்புப் பரவலாகப் பயன்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபை விலங்குக் கொழுப்பை விலக்கியிருந்த நோன்பு நாள்களில் எண்ணெய் இன்றியமையாததாயிற்று. மண்ணெண்ணெய் வருமுன் விளக்கெரிக்கவும் அதே எண்ணெய் தேவைப்பட்டது.

இந்தச் சிக்கனம் ஆண்டில் சில நாள்கள் தளர்ந்தது. ஆலிவ் செக்கான 'ஃபிராந்தோயோ' இரவும் பகலும் ஓடும் நாள்கள் அவை. விலங்குகள் சுற்றி இழுக்கும் கல் செக்கில் காய்கள் அரைக்கப்படும். அரைத்த விழுது நாரால் பின்னிய வட்டத் தட்டுகளில் பரப்பப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அழுத்தப்பொறியில் பிழியப்படும். செக்குக் கூடத்தில் எரியும் கணப்பில் ரொட்டியை வாட்டிப் பூண்டு தேய்த்து, பொறியிலிருந்து அப்போது வடிந்த எண்ணெயை அதன்மேல் ஊற்றி உண்பது வேலையாள்களின் வழக்கம். தம் காய் அரைபடும்போது உழவர் உடனிருந்து எண்ணெயின் அளவையும் தரத்தையும் பார்ப்பார். கையில் இருக்கும் ஃபெத்துந்தாதான் அவருடைய தரச் சோதனை.

புது எண்ணெய் பச்சை நிறமாகவும் கலங்கலாகவும் இருக்கும். விழுங்கும்போது தொண்டையில் மிளகு போலக் காரும். இந்தக் காரம் பழுதன்று, புதுமையின் அடையாளம் என்பது செக்குக்காரர்களின் பட்டறிவு. அமெரிக்காவின் மோனல் வேதிப்புலன் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கேரி பொசாம்ப், சிசிலியில் புது எண்ணெயைச் சுவைத்தபோது, வலிநிவாரணியான இபுபுரூஃபன் தொண்டையில் தரும் அதே எரிச்சலை உணர்ந்தார். அவரும் உடன் ஆய்வாளர்களும் அதற்குக் காரணமான சேர்மத்தைப் பிரித்தறிந்து, ஒலியோகாந்தால் எனப் பெயரிட்டு, 2005-இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். எண்ணெய் நாள்பட நாள்பட இந்தக் காரம் குறைகிறது.

ரொட்டியின் விலை

ஃபெத்துந்தாவின் மறுபாதியான ரொட்டியும் எளிதில் கிடைத்ததல்ல. இத்தாலி ஒரே நாடான பின், அரசின் கடனை ஈடுகட்ட 1869 சனவரி 1 முதல் மாவரைப்பு வரி நடைமுறைக்கு வந்தது. ஆலைக்கல் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் கருவி ஆலைகளில் பொருத்தப்பட்டு, அதன்படி வரி கணக்கிடப்பட்டது. ரொட்டியே முதன்மை உணவாக இருந்த ஏழைகள் மீது இவ்வரி கடுமையாக விழுந்தது. பல ஊர்களில் கலகம் வெடித்தது, படைகளைக் கொண்டு அது அடக்கப்பட்டது, பலர் உயிரிழந்தனர். இவ்வரி 1884-இல் முற்றாக நீக்கப்பட்டது.

முசோலினியின் ஆட்சி, வெளிநாட்டுக் கோதுமையை நம்பியிராமல் இருப்பதற்காக 1925-இல் 'கோதுமைப் போர்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஆனால் இரண்டாம் உலகப்போர் வந்தபோது ரொட்டி பங்கீட்டுக்கு உட்பட்டது. 1941 அக்டோபரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் என்று அளவு விதிக்கப்பட்டது. 1942 மார்ச்சில் அது 150 கிராமாகக் குறைக்கப்பட்டது. இந்தப் பட்டறிவின் பின்னணியில், காய்ந்த துண்டையும் எறியாத வழக்கத்தை வெறும் சுவை விருப்பமாகக் கருத முடியாது.

தக்காளியும் உறவு உணவுகளும்

இன்று புருஸ்கெத்தா என்றாலே நறுக்கிய தக்காளியும் துளசி இனத்தைச் சேர்ந்த பசில் இலையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தக்காளி பிந்தைய வரவு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த தக்காளியை, இத்தாலிய மருத்துவரும் தாவரவியலாளருமான மத்தியோலி 1544-இல் குறிப்பிடுகிறார். அது இத்தாலியச் சமையல் நூலில் ஏறியது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நேப்பிள்ஸில் பணியாற்றிய அந்தோனியோ லத்தீனியின் நூலில்தான். தணலும் எண்ணெயும் சேர்ந்த ரொட்டி அதற்கு மிக முந்தியது.

மத்தியதரைக் கடலைச் சுற்றி இதற்கு உறவான உணவுகள் பல உள்ளன. ஸ்பெயினின் கட்டலோனியாவில் ரொட்டியின் மேல் பாதியாக வெட்டிய தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விடுகின்றனர். சிசிலியில் எண்ணெய், ஒரிகானோ, நெத்திலி, பாலாடைக்கட்டி சேர்த்து 'பானி குன்சாத்து' செய்கின்றனர். தென் இத்தாலியின் புல்யா வட்டாரத்தில் இருமுறை சுட்ட கெட்டி ரொட்டியான ஃபிரிசெல்லாவை நீரில் நனைத்து, எண்ணெயும் தக்காளியும் இட்டு உண்கின்றனர். இவை அனைத்திலும் ரொட்டியும் எண்ணெயும் மாறுவதில்லை. மற்றவை ஊருக்கு ஊர் மாறுகின்றன.

அமெரிக்காவில் கார்லிக் பிரெட்

1880 முதல் 1924 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். பெரும்பாலோர் தென் இத்தாலியையும் சிசிலியையும் சேர்ந்த ஏழை உழவர்கள். 1924-இன் குடியேற்றச் சட்டம் இந்த வரவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புதிய நாட்டில் கோதுமை மாவும் இறைச்சியும் தாயகத்தைவிட மலிவாகக் கிடைத்தன. ஆலிவ் எண்ணெயோ கடல் கடந்து வர வேண்டிய பொருளாயிற்று. மலிவாகக் கிடைத்த கொழுப்பு வெண்ணெயும், பின்னர் மார்கரினும் ஆகும்.

எண்ணெயின் இடத்தை வெண்ணெய் எடுத்துக்கொண்டதும் செய்முறையும் மாறியது. எண்ணெயை வாட்டிய ரொட்டியின் மேல் ஊற்றலாம். வெண்ணெயை உள்ளே தடவி உருக்க வேண்டும். நீண்ட ரொட்டியைக் குறுக்கே வெட்டி, நசுக்கிய பூண்டோ பூண்டுப் பொடியோ கலந்த வெண்ணெயைத் தடவி, அவனில் வைத்துச் சூடாக்கும் முறை இப்படி உருவாகி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. வீட்டுப் பயன்பாட்டுக்கான அலுமினியத் தாள் சுருள் 1947-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. நிறமூட்டிய மார்கரின் மீதான நடுவண் அரசு வரி 1950-இல் நீக்கப்பட்டது. தாளில் சுற்றி அவனில் வைக்கும் பூண்டு ரொட்டி, இத்தாலிய அமெரிக்க உணவகங்களில் ஸ்பகெட்டிக்குத் துணையாக நிலைபெற்றது.

புலம்பெயர்ந்தோரின் தொடக்க ஆண்டுகளில் பூண்டு நாற்றம் அவர்களை இழிவுபடுத்தப் பயன்படுத்தப்பட்டது. பள்ளியிலும் வேலையிடத்திலும் 'பூண்டு' என்பது இத்தாலியரைக் குறிக்கும் வசைச்சொல்லின் பகுதியாக இருந்தது. சில தலைமுறைகளில் நிலைமை தலைகீழாயிற்று. கலிஃபோர்னியாவின் கில்ராய் நகரில் 1979-இல் பூண்டுக்கென்றே ஒரு திருவிழா தொடங்கப்பட்டது. எந்த மணத்துக்காகத் தாத்தாக்கள் ஏளனம் செய்யப்பட்டார்களோ, அந்த மணமே உணவின் பெயராகவும் விற்பனைச் சொல்லாகவும் மாறியது.

இந்தியாவுக்கு வந்தது இந்த அமெரிக்க வடிவமே. பன்னாட்டு பீட்சா நிறுவனங்கள் 1996-இல் டெல்லியிலும் பெங்களூரிலும் தங்கள் முதல் கடைகளைத் திறந்தன. பின்னர் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கு அவை பரவின. தமிழ்நாட்டில் கார்லிக் பிரெட் என்றால் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த மென்மையான ரொட்டி என்று பொருள்படுவதற்கு இதுவே காரணம்.

இரு முறைகளின் சுவை வேறுபாடு

டஸ்கனி முறைக்கும் அமெரிக்க முறைக்கும் உள்ள சுவை வேறுபாட்டைப் பூண்டின் வேதியியல் விளக்குகிறது. முழுப் பூண்டுப் பல்லுக்கு மணம் குறைவு. அதை வெட்டினாலோ நசுக்கினாலோ செல்கள் உடைந்து, அல்லின் என்ற சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் கலக்கின்றன. அப்போது காரமும் நெடியும் கொண்ட அல்லிசின் உருவாகிறது. இதை 1944-இல் செஸ்டர் கவலிட்டோ, ஜான் பெய்லி ஆகியோர் பிரித்தெடுத்தனர்.

வாட்டிய ரொட்டியின் சொரசொரப்பான மேற்பரப்பு ஒரு துருவி போலச் செயல்படுகிறது. அதில் தேய்க்கும்போது பச்சைப் பூண்டு மெல்லிய படலமாகப் படிந்து, அப்போதே அல்லிசின் உருவாகிறது. அதன்பின் அது சமைக்கப்படாததால் காரம் அப்படியே நிற்கிறது. அவனில் வெண்ணெயோடு வேகும் பூண்டில் அல்லிசின் சிதைந்து, சுவை இனிப்பும் மென்மையும் அடைகிறது. முதல் முறையில் பூண்டின் அளவு மிகக் குறைவு, காரம் மிகுதி. இரண்டாவதில் பூண்டின் அளவு மிகுதி, காரம் குறைவு.

வாரமுறையின் முடிவும் உறைபனியும்

1950-களிலும் 1960-களிலும் இத்தாலியில் தொழில்கள் வளர்ந்தபோது, உழவர் குடும்பங்கள் பெருமளவில் பண்ணைகளை விட்டு நகரங்களுக்குச் சென்றன. 1964-இல் இயற்றப்பட்ட 756-ஆம் எண் சட்டம், புதிய மெட்ஸாத்ரியா ஒப்பந்தங்களைத் தடை செய்தது. எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற 1982-இன் சட்டம் வழிவகுத்தது. எண்ணெயில் பாதியை அளந்து கொடுக்கும் காலம் முடிந்தது. ஆனால் அதற்குள் அந்த எண்ணெயை விளைவித்த குடும்பங்களில் பல மண்ணை விட்டு நீங்கியிருந்தன.

1985 சனவரியில் டஸ்கனியைக் கடும் உறைபனி தாக்கியது. ஃபுளோரன்ஸ் அருகே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 20 பாகைக்கும் கீழே இறங்கியது. பல தலைமுறைகள் கண்ட ஆலிவ் மரங்களின் தண்டுகள் வெடித்துப் பட்டுப்போயின. அவற்றை அடியோடு அறுத்து, வேரிலிருந்து எழுந்த இளந்தளிர்களை வளர்த்துத் தோப்புகள் மீட்கப்பட்டன. டஸ்கனியில் இன்று ஒரே அடியிலிருந்து சில தண்டுகள் பிரிந்து நிற்கும் மரங்கள் பல, அந்தப் பனியின் நினைவாக நிற்பவை. அதே ஆண்டு டிசம்பரில் பண்ணைச் சுற்றுலாவை முறைப்படுத்தும் சட்டம் இத்தாலியில் இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட உழவர் வீடுகள் விருந்தினர் தங்கும் இடங்களாயின. அங்கு வந்தவர்களின் மேசையில் ஃபெத்துந்தா முதல் உணவாக வைக்கப்பட்டது.

எண்ணெய்க்கு வந்த இடர் அத்துடன் நிற்கவில்லை. இத்தாலியில் மிகுதியாக ஆலிவ் எண்ணெய் விளையும் புல்யா வட்டாரத்தின் தென்பகுதியில் 2013-இல் சைலெல்லா என்ற பாக்டீரிய நோய் கண்டறியப்பட்டது. அது இலட்சக்கணக்கான மரங்களை அழித்துள்ளது. இதற்கிடையே 2010-இல் இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், மொரோக்கோ ஆகிய நாடுகளின் சார்பில் மத்தியதரை உணவு முறை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2013-இல் மேலும் மூன்று நாடுகள் சேர்க்கப்பட்டன.

வீட்டில் செய்யும் முறை

நான்கு துண்டுகளுக்குத் தேவையானவை: கெட்டியான மேலோடு கொண்ட ரொட்டி, இரண்டு பூண்டுப் பல், நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், சிறிது கல்லுப்பு.

ரொட்டியை ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் அரிய வேண்டும். சுட்டு ஒரு நாள் ஆன ரொட்டி ஏற்றது. பாலும் சர்க்கரையும் சேர்த்த மென்மையான ரொட்டி விரைவில் கருகிவிடும். பூண்டு தேய்க்கும்போது பிய்ந்தும் போகும். துண்டுகளைத் தணலில் கம்பி வலை மீது வாட்டலாம். தணல் இல்லையெனில், எண்ணெய் தடவாத இரும்புத் தோசைக்கல்லில் மிதமான தீயில் இருபுறமும் பொன்னிறமாகும் வரை வாட்டினால் போதும். உள்ளே மென்மை இருக்க வேண்டும்.

அடுப்பிலிருந்து எடுத்தவுடன், தோலுரித்துப் பாதியாக வெட்டிய பூண்டின் வெட்டுப்பக்கத்தை ரொட்டியின் மேல் ஓரிரு முறை தேய்க்க வேண்டும். பல் சிறியதாக இருந்தால் முள்கரண்டியில் குத்திக்கொண்டு தேய்க்கலாம். பூண்டுக்குப் பிறகுதான் எண்ணெய். முதலில் எண்ணெய் ஊற்றினால் மேற்பரப்பு வழுக்கி, பூண்டு துருவாது. எண்ணெயை ஒரு துண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் ஊற்றி, உப்புத் தூவிச் சூடு ஆறுமுன் உண்ண வேண்டும்.

எண்ணெய் 'எக்ஸ்ட்ரா விர்ஜின்' வகையாக இருத்தல் வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி இவ்வகையில் அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. குப்பியில் அறுவடை ஆண்டு அச்சிடப்பட்டிருந்தால், அண்மைய ஆண்டினதைத் தேர்வது நல்லது. ஒளியும் வெப்பமும் எண்ணெயைக் கெடுப்பதால் நிறக் குப்பியில் உள்ளதை வாங்கி, அடுப்புக்குத் தொலைவில் வைக்க வேண்டும். இந்த உணவில் எண்ணெய் சமைக்கப்படுவதில்லை. அதன் குறையை மறைக்க வேறு சுவைப்பொருளும் இல்லை. எண்ணெய் பழையதாக இருந்தால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். டஸ்கனியின் செக்குக் கூடங்களில் உழவர்கள் இந்த ரொட்டியைக் கையிலெடுத்தது அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான்.